இன்ஹேலர் தவறாமல் எடுத்தும் இளைப்பு அடங்கவில்லையா? அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் வழி

ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தினமும் எடுக்க ஒரு இன்ஹேலரும் கொடுத்தார். நீங்களும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இருந்தும் நடுராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது. இப்படி ஆனால் வழக்கமாக நடப்பது இதுதான்: அடுத்த முறை போகும்போது டோஸ் கூடும், அதற்கடுத்த முறை ஒரு மாத்திரை சேரும். இன்ஹேலர் எடுக்கப் பழக்கிவிடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், டோஸைக் கூட்டுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. மருந்து நுரையீரல் வரை போகிறதா, போயும் அதை எது முறியடிக்கிறது, இது முழுக்க ஆஸ்துமாதானா என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வர வேண்டும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் இன்ஹேலரைப் பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். "எனக்கு அதெல்லாம் தெரியும்" என்பவர்களிடம்தான் தப்பு அதிகம் கிடைக்கிறது.

இப்போதே மூச்சு முட்டுகிறது என்றால்

படிப்பதை நிறுத்துங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்பது, நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு, நாடித்துடிப்பு 120க்கு மேல், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 90க்குக் கீழ், இதில் எது இருந்தாலும் அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும். உதடு நீலம் பாய்வதும், ஆள் அசந்து மயங்குவதும், இவ்வளவு நேரம் விசில் போலக் கேட்ட வீசிங் சத்தம் திடீரென்று அடங்கிப்போவதும் இன்னும் ஆபத்து. சத்தம் நின்றதை "குறைந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றே போய்வரவில்லை என்றாலும் சத்தம் வராது.

உதவி வரும்வரை நிமிர்ந்து உட்கார வைத்து, உடனடி நிவாரணம் தரும் சால்புடமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) வழியாக ஒவ்வொரு பஃப்பாக (ஒரு அழுத்து ஒரு பஃப்) 4 முதல் 10 பஃப் வரை கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். படுக்க வைக்க வேண்டாம்.

அடங்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

"பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பது அளவுகோல் ஆகாது. வருடக்கணக்கில் இளைத்துப் பழகியவருக்கு இளைப்பே இயல்பாகிவிடும். உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி கடந்த 4 வாரத்தைப் பற்றி நாலே கேள்வி கேட்கிறது. பகலில் அறிகுறி வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்ததா? ஆஸ்துமாவால் ஒரு இரவாவது தூக்கம் கலைந்ததா? உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஏதாவது ஒரு வேலையை ஆஸ்துமாவுக்காகத் தவிர்த்தீர்களா? நாலுக்கும் இல்லை என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்று அல்லது இரண்டு ஆமாம் என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்றோ நாலோ என்றால் கட்டுப்பாடே இல்லை.

நாலாவது கேள்வியில் நிறைய பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டவருக்கு மாடி ஏறும்போது இளைப்பு வராதுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும்: முதலில் இன்ஹேலர்

நோயாளிகளில் 70 முதல் 80 சதவீதம் பேர் இன்ஹேலரைச் சரியாக எடுப்பதில்லை என்று அதே வழிகாட்டி சொல்கிறது. பெரும்பாலானோருக்குத் தாங்கள் தவறாக எடுக்கிறோம் என்பதே தெரியாது. சொல்லிக்கொடுத்தாலும் ஒன்றிரண்டு மாதத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும். அதனால் ஒரு முறை கற்றுக்கொண்டது போதாது, ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் எடுத்துக் காட்ட வேண்டும்.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். அழுத்தினால் "புஸ்" என்று வரும் ஸ்ப்ரே வகைக்கும், பொடியை உறிஞ்சும் வகைக்கும் மூச்சு இழுக்கும் விதமே நேர் எதிர். ஸ்ப்ரே என்றால் மெதுவாக, ஆழமாக, நாலைந்து வினாடி நீட்டி இழுக்க வேண்டும். பொடி என்றால் எடுத்த எடுப்பிலேயே வேகமாக, பலமாக, நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். அந்த வேகம்தான் பொடியை உடைத்துத் தூளாக்கி உள்ளே அனுப்புகிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிக் கொடுக்கும்போது இதை யாரும் சொல்லாமல் விட்டால், நேற்றுவரை சரியாக எடுத்தவர் இன்றிலிருந்து தவறாக எடுப்பார். தடுப்பு மருந்து (அழற்சியை அடக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்) பொடியாகவும் நிவாரண மருந்து ஸ்ப்ரேயாகவும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் தினசரி. முடிந்தால் இரண்டையும் ஒரே வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்ப்ரே எடுப்பவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோளாறு கண்ணுக்கே தெரியும். குலுக்குகிறார், வாயில் வைக்கிறார், அழுத்துகிறார், அதற்குப் பிறகுதான் மூச்சை இழுக்கிறார். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு புகை கிளம்பிப் போகும். அது நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டிய மருந்து. மீதி நாக்கிலும் தொண்டையிலும் அடித்து ஒட்டிக்கொள்ளும். சரியான முறை இது: குலுக்கி, மூச்சை மெதுவாக முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகப் பிடித்து, மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய அந்தக் கணத்தில் அழுத்தி, இழுப்பதை நிறுத்தாமல் தொடர்ந்து, முடிந்ததும் 10 வினாடி அடக்கி வைக்க வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு இதே வரிசை முதலிலிருந்து. "புஸ் புஸ்" என்று இரண்டையும் சேர்த்து அடிப்பது ஒரு பஃப் கணக்கில்கூட வராது.

கையும் மூச்சும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்பேசர் வாங்கிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. குழந்தைக்குக் கொடுப்பது என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் தடுப்பு மருந்தை ஸ்ப்ரேயாக எடுக்கும் எல்லோருக்குமே அது நல்லதுதான், தொண்டையில் படிவதும் குறையும். ஸ்பேசருக்குள் ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும், அடித்த உடனே இழுக்க வேண்டும். கழுவும்போது லேசான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பொடி வகையில் வேறு தப்புகள். மருந்தைத் தயார் செய்துவிட்டுக் கருவிக்குள்ளேயே மூச்சை விடுவார்கள்; ஈரம் பட்டுப் பொடி கட்டியாகும். குளியலறை அலமாரியில் வைத்தாலும் அதே கதை. கேப்ஸ்யூல் போடும் கருவி என்றால், இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள். கேப்ஸ்யூலின் ஓரத்தில் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், பெட்டியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அப்புறம், டப்பாவில் மருந்து இருக்கிறதா? 200 பஃப் என்று போட்டிருக்கும் ஸ்ப்ரே 200க்குப் பிறகும் புஸ் என்று வரும். வருவது தள்ளுவாயு, மருந்து அல்ல. குலுக்கிப் பார்ப்பது, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது எதையும் நம்ப முடியாது. எண்ணிக்கை காட்டும் சாளரம் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை டப்பாவில் எழுதிக் கணக்குப் போடுங்கள். காலை 2, இரவு 2 என்றால் 200 பஃப் 50 நாளில் தீர வேண்டும். மூன்று மாதமாக ஓடுகிறது என்றால் நீங்கள் நினைக்கிற அளவு எடுக்கவில்லை என்று அர்த்தம். புதிய ஸ்ப்ரேயையும், பல நாள் தொடாமல் கிடந்ததையும் முதலில் காற்றில் சில முறை அடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எத்தனை முறை என்று உள்ளே வரும் தாளில் இருக்கும்.

இந்தக் கணக்கு தொந்தரவான இடத்துக்குக் கொண்டுபோகும். நீண்டகால மருந்து எடுப்பவர்களில் பாதிப் பேராவது சொன்னபடி எடுப்பதில்லை. மறதி ஒரு காரணம், ஸ்டீராய்டு என்ற பயம் இன்னொன்று, "நேற்று நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்" என்பது மூன்றாவது. மருத்துவரிடம் இதை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். "வாரத்துக்கு நாலு நாள் எடுக்கிறேன்" என்று உண்மையைச் சொன்னால், ஒரு வேளை மட்டும் போதுமான மருந்துக்கு மாற்றித் தருவார். "தினமும் எடுக்கிறேன்" என்றால் டோஸைக் கூட்டுவார்.

இதெல்லாம் சரி செய்த பிறகு பொறுமை வேண்டும். தடுப்பு மருந்தின் பலன் சில நாளில் தெரியத் தொடங்கினாலும், முழுப் பலன் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

நிவாரண இன்ஹேலர் எடுத்தால் சரியாகிறது, ஆனால் அடிக்கடி தேவைப்படுகிறது

பலரும் கவலைப்படாத அறிகுறி இது. எடுத்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு இலகுவாகிவிடுகிறதே, பிறகென்ன? சால்புடமால் செய்வது இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது மட்டும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அதுவும் முடிந்துவிடும். குழாய்ச் சுவரின் உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடவே தொடாது. எரிகிற அடுப்பை அணைக்காமல் புகையை மட்டும் விசிறி விடுகிற வேலை. அதோடு, அடிக்கடி எடுத்தால் அதன் பலன் மங்கும், மூச்சுக்குழாயின் எரிச்சல்தன்மையும் கூடும்.

கணக்கு எளிது. வருடத்துக்கு 200 பஃப் டப்பா மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. 12 அல்லது அதற்கு மேல், அதாவது மாதம் ஒன்று, என்றால் உயிரிழப்பு அபாயமே கூடுகிறது. இந்தக் காரணத்தால்தான் 2019 முதல் ஜினா வழிகாட்டி, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் சால்புடமால் மட்டும் கொடுத்து ஆஸ்துமாவை நடத்தக் கூடாது என்கிறது.

இங்கே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் ஒரே இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை எனக்குப் பொருந்துமா? ஃபார்மோடெரால் சேர்ந்த ஸ்டீராய்டு கூட்டு மருந்து, உதாரணமாக புடசொனைடு-ஃபார்மோடெரால், சில நிமிடத்திலேயே வேலை செய்யும். அதனால் இளைப்பு வரும்போதும் அதையே எடுக்கலாம். நிவாரணத்தோடு கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகும், தாக்குதல்கள் குறையும். சால்மெடெரால் உள்ள கூட்டு மருந்தை இப்படி எடுக்கக் கூடாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெயரைப் படியுங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை பஃப் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பகலில் நன்றாக இருக்கிறது, இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் மோசம்

விடியற்காலை நாலு மணி ஆஸ்துமாவுக்கு இயல்பாகவே கெட்ட நேரம். மூச்சுக்குழாய் அப்போதுதான் அதிகம் சுருங்கும். அதனால் இரவு அறிகுறி என்றாலே முதலில் அழற்சி அடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு டோஸை விடுகிறீர்களா என்று பார்த்துவிட்டு, மற்றதைத் தேடுங்கள்.

படுத்த சிறிது நேரத்தில் தொடங்கி, புளித்த ஏப்பம், எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல் கூட இருந்தால் இரைப்பை அமிலத்தைச் சந்தேகிக்கலாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, தேவையானால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து. ஆனால் நெஞ்செரிச்சல் எதுவுமே இல்லாதவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று அந்த மாத்திரையை எடுத்தால் ஆஸ்துமாவுக்குப் பலன் இல்லை.

மூக்கு அடைத்து வாயால் மூச்சுவிட்டுத் தூங்குபவர் என்றால் மூக்கைக் கவனிக்காமல் நெஞ்சை மட்டும் பார்ப்பது வீண். மூக்கு ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே தினமும் எடுக்க வேண்டியிருக்கும். பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் தூங்கி வழிவது என்றால் தூக்க மூச்சுத்தடையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இது அதிகம்.

படுக்கையறை? தூசிப்பூச்சி ஒவ்வாமை பரிசோதனையில் உறுதியானவர்கள் விரிப்பு, தலையணை உறைகளை வெந்நீரில் துவைக்கலாம், சுவரில் பூஞ்சை இருந்தால் ஈரக்கசிவின் மூலத்தை அடைக்கலாம். ஆனால் மெத்தை உறை ஒன்றை வாங்கிப் போட்டால் ஆஸ்துமா போய்விடும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். தனியாக அந்த ஒரு நடவடிக்கையால் பெரிய மாற்றம் வருவதில்லை.

படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது, கணுக்காலும் வீங்குகிறது என்றால் அது இதயத்தின் பக்கம் இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

வேலை நாளில் மோசம், நீண்ட விடுமுறையில் சுகம்

இந்த ஒரு கேள்வியை, அதாவது "விடுப்பில் இருக்கும்போது எப்படி இருக்கிறது?" என்பதை, பெரியவனான பிறகு ஆஸ்துமா வந்த ஒவ்வொருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாவு தூசிக்குள் வேலை செய்யும் ரொட்டித் தொழிலாளி, ஐசோசயனேட் கலந்த வண்ணப்பூச்சை ஸ்ப்ரே அடிப்பவர், மரத்தூளில் வேலை செய்யும் தச்சர், நாள் முழுக்கக் கிருமிநாசினியைக் கையாளும் துப்புரவுப் பணியாளர், ரப்பர் கையுறை போடுபவர், ஈயப்பற்று வைப்பவர் எல்லோருக்கும் தொழில் சார்ந்த ஆஸ்துமா வரும். வேலையில் சேர்ந்து பல மாதம், சில வருடம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் "இத்தனை நாள் இதே வேலைதானே செய்தேன்" என்று சந்தேகமே வராது. இளைப்பும் வேலையிடத்தில் வராமல் வீட்டுக்கு வந்த பிறகு, இரவில் வரலாம். அதனால் பழி வீட்டின் மேல் விழும். முற்றியவருக்கு ஒரு வாரக்கடைசி போதாது, ஒன்றிரண்டு வாரம் விலகி இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இதை நிரூபிக்க, எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைப் போல மலிவான, நேர்மையான கருவி வேறில்லை. நின்றுகொண்டு, முழு மூச்சு எடுத்து, ஒரே ஊதாக வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி அதில் அதிகமானதைக் குறிக்க வேண்டும். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரு நாளைக்கு நாலு முறை, சில வாரம் எழுதினால் போதும், வடிவம் தானாகத் தெரியும்.

தொழில் சந்தேகம் இல்லாதவர்களும் இரண்டு வாரம் காலை, மாலை எழுதிப் பார்க்கலாம். காலை 320, மாலை 400 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80, இரண்டின் சராசரி 360, ஆக அன்றைய ஏற்ற இறக்கம் 22 சதவீதம். பெரியவர்களுக்கு இந்த தினசரி ஏற்ற இறக்கத்தின் இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம். இந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டுவது "கொஞ்சம் இளைக்குது டாக்டர்" என்பதைவிட நூறு மடங்கு பேசும்.

காரணம் வேலையிடம் என்று உறுதியானால் அந்தப் பொருளிலிருந்து முழுக்க விலகுவதுதான் வைத்தியம். சீக்கிரம் விலகினால் பலனும் அதிகம். பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் ஆதாரம் கையில் வருவதற்கு முன்னால் வேலையை விட்டுவிடாதீர்கள். விலகிப் போய்விட்டால் பரிசோதிக்கவும் வழி இருக்காது.

நிவாரண இன்ஹேலர் எடுத்தும் துளிகூட அசையவில்லை

முறையும் சரி, மருந்தும் இருக்கிறது, ஆனாலும் பலன் இல்லை. ஆள் தவிக்கவில்லை, மேலே சொன்ன அபாய அறிகுறிகளும் இல்லை. அப்படியானால் "இது ஆஸ்துமாதானா?" என்று கேட்க வேண்டிய இடம் இது.

இறுக்கம் எங்கே என்று விரலால் காட்டச் சொன்னால், நெஞ்சைக் காட்டாமல் தொண்டைக் குழியைக் காட்டுபவர்கள் உண்டு. மூச்சை விடும்போது கஷ்டமில்லை, இழுக்கும்போதுதான் அடைக்கிறது, கரகரவென்று சத்தம் வருகிறது, திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறது, அந்த நேரத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறது என்றால் குரல்நாண்கள் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளும் கோளாறாக இருக்கலாம். வாசனைத் திரவியம், பதற்றம், கடும் உடற்பயிற்சி எல்லாம் இதைக் கிளப்பும். எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்தாலும் போகாது. பேச்சு, மூச்சுப் பயிற்சி நிபுணர் கற்றுத்தரும் பயிற்சிதான் மருந்து. ஆஸ்துமாவும் இதுவும் ஒரே ஆளுக்கு இருப்பதும் சாதாரணம் என்பதால், இருக்கும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நீண்ட காலம் புகைத்தவர் அல்லது அடுப்புப் புகையில் இருந்தவர், நாற்பதைத் தாண்டியவர், நாளுக்கு நாள் மாறாமல் ஒரே சீராக இளைக்கிறது என்றால் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கூட இருக்கலாம். இன்னும் புகைப்பவர் என்றால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பலனே குறையும். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் வீசிங் கேட்டால், குறிப்பாகக் குழந்தைக்கு, ஏதாவது பொருள் உள்ளே போய்ச் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை ஒரு முறைகூட ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) செய்யாதவர்கள் இப்போதாவது செய்யுங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்து, முதல் வினாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்குப் பலமான சான்று.

ஏதோ மாத்திரை போட்ட பிறகு

தலைவலிக்கோ மூட்டு வலிக்கோ ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டு, அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கடைத்து, கண் சிவந்து, இளைப்பு ஏறினால் அந்த வகை வலி மருந்து எதையும் இனித் தொடாதீர்கள். மூக்கில் சதை வளர்ந்து, மோப்பமும் போன ஆஸ்துமாகாரர்களுக்கு இது அதிகம். பாரசிட்டமால் வழக்கமான அளவில் பெரும்பாலும் பாதுகாப்பானது.

ரத்த அழுத்தம், படபடப்பு, ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களும் மூச்சுக்குழாயை இறுக்கும், நிவாரண மருந்தையும் மழுங்கடிக்கும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட இதைச் செய்யும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லவும், நெஞ்சு மருத்துவரிடம் கண் சொட்டைச் சொல்லவும் யாருக்கும் தோன்றுவதில்லை. இவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் மாற்றுக் கேளுங்கள்.

இளைப்பு இல்லை, வறட்டு இருமல் மட்டும் நிற்கவில்லை

ரமிப்ரில், எனலப்ரில் என்று "ப்ரில்" என முடியும் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறீர்களா? இருமல் அதனுடையதாக இருக்கலாம். மாத்திரையை மாற்றினாலும் நிற்கச் சில வாரம் ஆகும். மூக்குச்சளி தொண்டைக்குள் இறங்குவது, அமிலம் ஏறுவது ஆகியவையும் இதே இருமலைத் தரும். இன்ஹேலர் எடுத்த நொடியில் மட்டும் இருமுகிறது என்றால் மருந்து தொண்டையில் அடிக்கிறது. ஸ்பேசர் போட்டுப் பாருங்கள்.

ஓடினால், விளையாடினால் மட்டும்

ஆஸ்துமா என்றால் ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி ஒரு மணியில் மெல்ல இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முட்டி, நின்றதும் ஓரிரு நிமிடத்தில் சரியானால் உடல் பழக்கமின்மை அல்லது மேலே சொன்ன தொண்டைக் கோளாறாக இருக்கலாம். கால் மணி நேரம் முன்னால் நிவாரண பஃப் எடுத்து, மெதுவாகத் தொடங்கிச் சூடேற்றிக்கொள்வது உதவும். தடுப்பு மருந்து ஒழுங்காக ஓடும்போது இந்த முன்கூட்டிய பஃப்பே பலருக்குத் தேவைப்படாமல் போகிறது. உடற்பயிற்சியை விட்டுவிடுவது மட்டும் விடை ஆகாது.

வாய்ப்புண், குரல் கம்மல் வந்து, பயந்து டோஸைக் குறைத்தவர்கள்

ஒவ்வொரு முறை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். ஸ்ப்ரேக்கு ஸ்பேசர். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்று, எளிதாகப் போக்கலாம். இதற்காகத் தடுப்பு மருந்தை விடுவது நல்ல பேரம் இல்லை.

பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி, அடிக்கடி "நிமோனியா"

அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை ஒன்று இருக்கிறது. இன்ஹேலரை எவ்வளவு கூட்டினாலும் அடங்காது, கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போகும். ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் பங்குபெறும் எதிர்ப்புப் புரதம்), அந்தப் பூஞ்சைக்கான ஐஜிஇ, தேவையானால் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் பூஞ்சை மருந்தும் சில மாதம் எடுக்க வேண்டியிருக்கும்.

சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு மாத்திரையில் போய் முடிகிறது

தாக்குதல் வரும்போது பெரியவர்களுக்கு ஐந்தாறு நாள் பிரட்னிசலோன் கொடுப்பது சரியான வைத்தியம்தான், அதைத் தவிர்த்துவிடக் கூடாது. ஆனால் அது வருடத்துக்கு இரண்டு முறை நடந்தால் நிலைமை கையை மீறுகிறது என்று பொருள். வாழ்நாளில் நாலைந்து முறை இப்படி எடுத்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், கண்புரை வரும் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பயந்து அதை விட்டு, மாத்திரை ஸ்டீராய்டில் விழுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒன்று மைக்ரோகிராம் கணக்கு, மற்றது மில்லிகிராம் கணக்கு.

இதுவரை சொன்ன எல்லாம் பார்த்தாகிவிட்டது, அதிக டோஸ் கூட்டு இன்ஹேலரைச் சரியான முறையில் எடுத்தும் தாக்குதல் வருகிறது என்றால், அது உண்மையிலேயே கடும் ஆஸ்துமா. ஆஸ்துமா உள்ள நூறு பேரில் சிலருக்குத்தான் இந்த நிலை. இவர்களை நுரையீரல் சிறப்பு மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அவர் டியோட்ரோபியம் போன்ற மூன்றாவது இன்ஹேலர் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார். மான்டெலுகாஸ்ட் மாத்திரை சேர்த்தால், கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தலைகாட்டுகிறதா என்று வீட்டிலுள்ளவர்களும் கவனிக்கட்டும். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை சேர்த்தது.

பிறகு அழற்சியின் வகை. ரத்தத்தில் இயோசினோஃபில் என்னும் ஒரு வகை வெள்ளை அணு மைக்ரோலிட்டருக்கு 150 அல்லது அதற்கு மேல், ஊதும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் என்றால், குறிப்பிட்ட வகை அழற்சி அதிக டோஸையும் மீறி நடக்கிறது என்று அர்த்தம். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த அணுக்கள் குறைந்துவிடும் என்பதால், பரிசோதனை எப்போது எடுத்தது என்பதும் முக்கியம். இந்த வகையினருக்கு ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகள் உண்டு: 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமாலிசுமாப் ஐஜிஇயைக் குறிவைக்கும், 2015இல் வந்த மெபோலிசுமாபும் பிறகு வந்த பென்ரலிசுமாபும் இயோசினோஃபில்களைக் குறிவைக்கும், டுபிலுமாப், டெசபெலுமாப் என்று வரிசை நீளும். எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, விலையும் அதிகம். குறைந்தது நாலு மாதம் போட்டுப் பார்த்துத்தான் பலிக்கிறதா என்று முடிவு செய்வார்கள்.

ஊசி பலித்து, மூச்சு இலகுவாகி, மாடிப்படி பிரச்சினையாக இல்லாமல் போன பிறகும் தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது. முதலில் குறைப்பது ஸ்டீராய்டு மாத்திரையைத்தான். தினமும் எடுத்துவந்தவர் என்றால் அதையும் மருத்துவர் சொல்லும் வேகத்தில், படிப்படியாக.